32 மீட்டர் கிழக்கே: ஜி.பி.எஸ். இருப்பிடத்தைச் சொந்த நிரலில் கணக்கிட்ட அனுபவம்

எங்கள் துறைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது. அதன் தலையில் ஆன்டெனாவைப் பொருத்த ஓர் எஃகுத் திருகு உண்டு. தூணின் ஆயத்தொலைவுகள் சென்டிமீட்டர் துல்லியத்தில் தெரிந்தவை. செயற்கைக்கோள் புவியளவையியல் பாடத்தின் செய்முறைப் பணியில், அந்தத் தூண் எங்கே இருக்கிறது என்று தெரியாததுபோல் வைத்துக்கொண்டு, அதன்மேல் இருந்த ரிசீவர் பதிவு செய்த கோப்பிலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பதிவு 24 மணி நேரம், 30 விநாடிக்கு ஒரு முறை. ஆக 2,880 கணங்கள். ஆயத்த மென்பொருள் எதையும் தொடக்கூடாது. அணிகளைப் பெருக்கவும் தலைகீழாக்கவும் மட்டும் நிரல் நூலகத்தைப் பயன்படுத்தலாம்.

பேராசிரியர் இன்னொரு நிபந்தனையும் வைத்தார். "நிரலில் ஒரு வரியை மாற்றினால், விடை எத்தனை மீட்டர் நகர்ந்தது, எந்தத் திசையில் நகர்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். மதிப்பெண் அந்தக் குறிப்பேட்டுக்குத்தான்."

அந்தக் குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆறு வாரம் ஆயிற்று. அதில் முதல் ஒன்றரை வாரம் கோப்பைப் படிப்பதிலேயே போய்விட்டது.

கோப்பு

ரிசீவர் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பாணியில் தரவை எழுதுகிறார்கள். அதையெல்லாம் ஒரே பொது வடிவத்துக்குக் கொண்டுவர 1989இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக வானியல் நிறுவனத்தில் உருவானதுதான் ரைனெக்ஸ். சாதாரண எழுத்துக்கோப்பு, திறந்தால் கண்ணால் படித்துவிடலாம். அதனாலேயே எளிது என்று நினைத்துவிட்டேன்.

ஒவ்வொரு வரியையும் இடைவெளி இருக்கும் இடங்களில் பிரித்து எண்களை எடுத்தேன். பெரும்பாலான வரிகள் ஒழுங்காக வந்தன. சில கணங்களில் மட்டும் ஒரு செயற்கைக்கோளின் தொலைவு 45 மீட்டர் என்று வந்தது. வர வேண்டியது 20,000 முதல் 25,000 கிலோமீட்டர் வரை. அந்தக் கணத்தில் அந்தக் கோளின் ஓர் அளவீடு கிடைக்கவில்லை. அந்த இடம் வெற்றாக விடப்பட்டிருந்தது. இடைவெளியைக் கொண்டு பிரிக்கும் என் நிரலுக்கு வெற்றிடம் தெரியாது. அடுத்தடுத்த எண்கள் ஒரு கட்டம் முன்னால் நகர்ந்துவிட்டன. சமிக்ஞையின் வலிமையைக் குறிக்கும் 45 என்ற எண் தொலைவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இந்த வடிவம் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழிக் காலத்து மரபில் வந்தது. எந்த எண் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்பதே இங்கே இலக்கணம். நிரலை அழித்துவிட்டு, எழுத்துகளை எண்ணி வெட்டும்படி மீண்டும் எழுதினேன். பத்தின் அடுக்கைக் குறிக்க 'ஈ'க்குப் பதிலாக 'டி' என்ற எழுத்து இருந்ததும் நான் பயன்படுத்திய பைத்தான் நிரல்மொழிக்குப் புரியவில்லை. அதைச் சரிசெய்ய ஒரே வரி போதுமானதாக இருந்தது.

வானத்துப் பஞ்சாங்கம்

செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால்தான் நாம் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட முடியும். ஒவ்வொரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதையை 16 எண்களாக ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. பாதையின் அளவு, அது எவ்வளவு நீள்வட்டம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தக் கணத்துக்கான விவரம், அதற்குமேல் சில நுண்திருத்தங்கள். நான் இதைப் பஞ்சாங்கம் என்றே மனத்தில் வைத்துக்கொண்டேன். கிரகநிலை கணித்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். கணக்கின் நடுவே, ஒரு கணத்தில் கோள் தன் நீள்வட்டப் பாதையில் எங்கே இருக்கும் என்று சொல்லும் கெப்ளரின் சமன்பாடு வருகிறது. அதற்கு நேரடியான விடை கிடையாது. ஒரு மதிப்பை ஊகித்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடியும் போட வேண்டும். ஜி.பி.எஸ். பாதைகள் ஏறத்தாழ வட்டம் என்பதால் நான்கைந்து சுற்றில் விடை நிலைத்துவிடுகிறது.

சரியா என்று எப்படிப் பார்ப்பது? பூமியின் மையத்திலிருந்து தொலைவு 26,500 கிலோமீட்டர் சுற்றி வந்தது, அது சரி. ஆனால் ஆரம் சரியாக இருப்பதால் இடம் சரி என்று ஆகிவிடாது. பன்னாட்டுச் செயற்கைக்கோள் வழிகாட்டல் (ஜி.என்.எஸ்.எஸ்.) சேவையான ஐ.ஜி.எஸ். வெளியிடும் துல்லியமான சுற்றுப்பாதைக் கோப்போடு ஒப்பிட்டேன். உலகெங்கும் இடம் தெரிந்த தூண்களில் உள்ள ரிசீவர்களின் பதிவுகளைக் கொண்டு, சில நாட்கள் கழித்துச் சென்டிமீட்டர் அளவுக்குக் கணித்துத் தருவது அது. (1957இல் ஸ்புட்னிக்கின் ஒலியைக் கேட்ட கியர், வைஃபன்பாக் என்ற இரு இயற்பியலாளர்கள், இடம் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து அதன் பாதையைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பினால், பாதை தெரிந்த கோளைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் அடுத்த ஆண்டே பிறந்தது. நாங்கள் படிக்கும் இந்தத் துறையின் பெரும்பகுதி அந்தத் திருப்பத்திலிருந்து வந்தது.)

ஒப்பிட்டபோது என் கோள்கள் எல்லாமே 50 முதல் 57 கிலோமீட்டர் தள்ளி நின்றன. எல்லாம் பாதையின் வழியிலேயே பின்தங்கியிருந்தன. பக்கவாட்டில் விலகல் இல்லை. குறிப்பேட்டில் அளவையும் திசையையும் எழுதும்போதுதான் பொறி தட்டியது. செயற்கைக்கோள் விநாடிக்கு 3.9 கிலோமீட்டர் ஓடுகிறது. பூமியோடு சேர்ந்து சுழலும் அச்சுகளிலிருந்து பார்த்தால் அது சுமார் 3 கிலோமீட்டர். 54ஐ 3ஆல் வகுத்தால் 18. ஜி.பி.எஸ். கடிகாரம் 1980 ஜனவரி 6இல் தொடங்கி, பூமியின் சுழற்சிக்கு ஈடாக உலகப் பொது நேரத்தில் சேர்க்கப்பட்ட லீப் விநாடி எதுவும் சேர்க்காமல் ஓடுகிறது; உலகப் பொது நேரத்துக்கும் அதற்கும் 2017 ஜனவரி 1 முதல் 18 விநாடி வித்தியாசம். நேரத்தை மாற்ற நான் பயன்படுத்திய செயற்கூறு எனக்குச் சொல்லாமலே அந்த 18 விநாடியைக் கழித்திருந்தது. நீக்கியதும் வித்தியாசம் ஒன்றிரண்டு மீட்டராகச் சுருங்கியது. ஒலிபரப்பாகும் பஞ்சாங்கத்தில் எதிர்பார்க்கக்கூடிய பிழை அதுதான்.

பிழையின் அளவைப் பார்த்தே அதன் ஊரையும் பேரையும் சொல்லிவிடலாம் என்று எனக்கு முதன்முதலில் புரிந்தது அன்றுதான்.

பூமியின் மையத்திலிருந்து மொட்டைமாடிக்கு

ரிசீவர் அளப்பது உண்மையான தொலைவு அன்று. சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கிய எண் அது. அனுப்பிய கடிகாரமும் வாங்கிய கடிகாரமும் ஒத்துப்போகாததால் 'போலித் தொலைவு' என்கிறோம். ரிசீவரின் கடிகாரம் மலிவானது. மைக்ரோவிநாடி பிசகினால் 300 மீட்டர். ஆனால் ஒரே கணத்தில் அளந்த எல்லாத் தொலைவுகளிலும் அந்தப் பிசகு ஒன்றேதான். அதனால் கிழக்கு, வடக்கு, உயரம் என்ற மூன்றோடு அதையும் நான்காவது தெரியாத எண்ணாக வைத்துத் தீர்த்துவிடலாம். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும் என்பதன் காரணம் இதுதான். எனக்கு எப்போதும் எட்டுக்கு மேல் கிடைத்தன. மிகுதியாக இருப்பவற்றை மீச்சிறு வர்க்க முறை சமன் செய்கிறது.

அந்த முறைக்கு ஒரு தொடக்க ஊகம் வேண்டும். நான் பூமியின் மையத்தைக் கொடுத்தேன். அதைவிடத் தவறான இடத்தைச் சொல்ல முடியாது. 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கிறது. முதல் சுற்று விடையை மேற்பரப்புக்கு வெளியே தூக்கி எறிகிறது. இரண்டாவது பெரும்பாலும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஐந்தாவது, ஆறாவது சுற்றுக்குள் திருத்தம் மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. திரையில் அந்த எண்கள் சுருங்கிக்கொண்டே போவதை நான் பலமுறை வெறுமனே ஓட்டிப் பார்த்தேன்.

நிலைத்த இடம்தான் தவறாக இருந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பூமிக்குள் எங்கோ. ஒவ்வொரு கோளுக்கும் மிஞ்சிய எச்சங்களை, அதாவது அளந்த தொலைவுக்கும் விடையிலிருந்து கணக்கிட்ட தொலைவுக்கும் உள்ள வித்தியாசங்களைப் பார்த்தால் அவையும் பத்துப் பத்துக் கிலோமீட்டர்கள். செயற்கைக்கோளில் இருப்பது அணுக்கடிகாரம் என்பதால் அதைத் திருத்த வேண்டியதில்லை என்று எண்ணியிருந்தேன். அணுக்கடிகாரம் சீராக ஓடும். ஆனால் சரியான மணியைக் காட்ட வேண்டும் என்பதில்லை. அதை விண்ணில் திருப்பித் திருப்பி வைப்பதற்குப் பதிலாக, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பஞ்சாங்கத்தில் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். 0.3 மில்லிவிநாடி தள்ளியிருந்தால் 90 கிலோமீட்டர். அந்தத் திருத்தத்தைச் சேர்த்ததும் விடை எங்கள் ஊருக்கு வந்தது, எங்கள் தெருவுக்கு வந்தது, எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தின்மேல் வந்து நின்றது.

கிழக்கே 32 மீட்டர்

2,880 விடைகளையும் வரைபடத்தில் இட்டேன். அடர்த்தியான ஒரு கூட்டம். ஆனால் அதன் நடு தூணிலிருந்து 32 மீட்டர் கிழக்கே இருந்தது. வடக்கு, தெற்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உயரம் பல பத்து மீட்டர் தவறு.

உயரப் பிழையின் பெரும்பகுதி என் கவனக்குறைவு. தூணின் விவரத்தாளில் இரண்டு உயரங்கள் இருந்தன. ஒன்று கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு என்ற பரப்பிலிருந்து அளந்தது, மற்றொன்று கணிதப் பரப்பான நீள்வட்டகத்திலிருந்து அளந்தது. ஜி.பி.எஸ். தருவது இரண்டாவது. பூமியின் உட்பகுதியில் பொருண்மை ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. அதனால் ஈர்ப்பும் கடல்மட்டமும் மேடுபள்ளமாக இருக்கின்றன. உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் நீள்வட்டகத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே. நான் முதல் உயரத்தோடு ஒப்பிட்டிருந்தேன். எல்லாக் கணங்களிலும் இம்மியும் மாறாமல் ஒரே அளவு பிழை இருந்தால், செயற்கைக்கோளைக் குறை சொல்வதற்கு முன் ஒப்பிடும் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

விவரத்தாளைக் காட்டியபோது பேராசிரியர் கேட்டார்: "இது எந்த ஆண்டின் ஆயத்தொலைவு?" நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன, ஒரு தூணின் ஆயத்தொலைவுக்கும் தேதி உண்டு. ஆஸ்திரேலியா 1994ஆம் ஆண்டுக்குரிய ஆயத்தொலைவுகளை 2020க்கு மாற்றியபோது நாடு முழுவதும் சுமார் 1.8 மீட்டர் நகர்ந்தது. என் கணக்கின் துல்லியத்துக்கு அது பெரிதில்லை என்றாலும், அந்தக் கேள்விக்குப் பிறகு தேதியில்லாமல் எந்த ஆயத்தொலைவையும் நான் எழுதியதில்லை.

கிழக்குப் பிழை மட்டும் மூன்று நாள் என்னை உட்கார வைத்தது. வடக்கில் இல்லாமல் கிழக்கில் மட்டும் ஏன்? கிழக்கு, மேற்கு என்ற பேதம் யாருக்கு உண்டு? மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்துக்கு இல்லை, காற்றுக்கு இல்லை, கடிகாரத்துக்கும் இல்லை. பூமியின் சுழற்சிக்குத்தான் உண்டு. நிலநடுக்கோட்டில் தரை விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறையும். சமிக்ஞை நம்மிடம் வந்துசேரச் சுமார் 0.07 விநாடி ஆகிறது. பெருக்கிப் பார்த்தேன். எங்கள் அட்சரேகைக்கு 32 மீட்டர்.

நான் செயற்கைக்கோளின் இடத்தைச் சமிக்ஞை கிளம்பிய கணத்தின் அச்சுகளில் கணக்கிட்டிருந்தேன். அது வந்துசேர்ந்தபோது பூமியும் அதோடு ஒட்டிய அச்சுகளும் சற்றே கிழக்கே திரும்பிவிட்டிருந்தன. புதிய அச்சுகளில் கோள்கள் எல்லாம் கொஞ்சம் மேற்கே தெரிய வேண்டும். நான் அவற்றைத் திருப்பாமல் விட்டதால் எல்லாமே கிழக்கே இருந்து, என் தூணையும் தங்களோடு கிழக்கே இழுத்துக்கொண்டு போயின. சாக்னாக் விளைவு என்று பாடத்தில் ஒரு பத்தியில் கடந்துபோன செய்தி. தேர்வில் அதற்கு இலக்கணம் எழுதியிருக்கிறேன். அது 32 மீட்டர் என்று அன்றுதான் அறிந்தேன்.

திருத்தத்தைச் சேர்த்து ஓட்டினால் 64 மீட்டர் கிழக்கே போயிற்று. பிழை சரியாக இருமடங்கானால் குறி தவறு. கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறேன் அல்லது கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறேன். கோணத்தின் குறியை மாற்றினேன். கூட்டம் தூணின்மேல் வந்து அமர்ந்தது. இரவு பதினொன்று இருக்கும். அறையில் வேறு யாருமில்லை. எழுந்து போய் மொட்டைமாடிக் கதவைத் திறந்து அந்தத் தூணைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஐன்ஸ்டைனுக்கு 14 மீட்டர்

இடம் சரியானாலும் கூட்டம் பரந்து கிடந்தது. ஏதேனும் ஒரு செயற்கைக்கோள் உதிக்கும்போதோ மறையும்போதோ விடை துள்ளியது. கோள்வாரியாக எச்சங்களைப் பிரித்து வரைந்தேன். பெரும்பாலானவை அமைதியாக இருக்க, இரண்டு கோள்கள் மட்டும் மெல்ல ஏறி இறங்கும் அலைபோல் போயின. அவை இரண்டின் பாதையும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகம் நீண்டது, நீள்வட்டத்தின் நீட்சியைக் குறிக்கும் மையத்தொலைத்தகவு 0.02 அளவில். பூமிக்கு அருகே வரும்போது வேகம் கூடி, ஈர்ப்பும் மிகுந்து கடிகாரம் சற்று மெதுவாகிறது, விலகும்போது விரைவாகிறது. அந்த அளவு நீள்வட்டத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 14 மீட்டர். ஒலிபரப்பாகும் கடிகாரத் திருத்தத்தில் இது சேர்ந்திருக்காது. பயனர்தான் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரியை நான் விட்டிருந்தேன்.

ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை சொல்வது இதைத்தான். இதைவிடப் பெரிய சார்பியல் விளைவு ஒன்றும் உண்டு. மேலே உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துகிறது. தொலைவில் 11 கிலோமீட்டருக்கு மேல். அதை ஏவுவதற்கு முன்பே 10.23 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை அதிர்வெண்ணை இம்மியளவு குறைத்துவைத்துச் சமன் செய்துவிடுகிறார்கள். 1977இல் ஏவிய என்.டி.எஸ்.-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளில் அந்தத் திருத்தத்தை முதலில் அணைத்துவைத்து, கடிகாரம் உண்மையிலேயே முந்துகிறதா என்று பார்த்த பிறகே இயக்கினார்களாம். வகுப்பில் கேட்டபோது சுவையான செய்தி என்று கடந்துபோனேன். என் வரைபடத்தில் இரண்டு அலைகள் தட்டையானபோது அதே செய்தி வேறாக ஒலித்தது.

உயரத்தில் ஒரு மேடு

என் குறிப்பேட்டில் அதிகப் பக்கங்கள் இதற்குத்தான். கிடைத்தளத்தில் சில மீட்டருக்குள் வந்துவிட்டது. உயரம் மட்டும் எப்போதும் தூக்கலாக இருந்தது. நேரத்துக்கு எதிராக வரைந்தால், இரவில் சுமார் 13 மீட்டர் மேலே ஒரு சமவெளி. காலையில் ஏறத் தொடங்கி, பிற்பகலில் 27 மீட்டர் வரை போய், மாலைக்குப் பின் மெல்ல இறங்கும் ஒரு மேடு.

முதலில் திசையே எனக்கு விளங்கவில்லை. காற்றும் அயனி மண்டலமும் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகின்றன. தாமதமானால் தொலைவுகள் நீளும். கோள்கள் எல்லாம் மேலே இருக்க, தொலைவு நீண்டால் நான் கீழே அல்லவா போக வேண்டும்? ஒரு மாலை முழுவதும் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. எல்லாத் தொலைவுகளுக்கும் பொதுவான நீட்சியை அந்த நான்காவது எண், ரிசீவர் கடிகாரம், தின்றுவிடுகிறது. மிஞ்சுவது வேறுபாடு மட்டும். தலைக்கு நேர்மேலே உள்ள கோளின் சமிக்ஞை வளிமண்டலத்தைச் செங்குத்தாகக் கடக்கிறது, தாமதம் குறைவு. அடிவானத்தை ஒட்டிய கோளின் சமிக்ஞை சாய்வாக நெடுந்தொலைவு கடக்கிறது. 10 பாகை உயரத்தில் காற்றின் தாமதம் ஐந்து மடங்குக்கு மேல். கடிகாரம் சராசரியை எடுத்துக்கொண்டபின், தாழ்ந்த கோள்கள் தொலைவிலும் உச்சிக்கோள்கள் அருகிலும் இருப்பதாகத் தோன்றுகிறது. உச்சிக்கு அருகே போக வேண்டுமானால் மேலே ஏறத்தான் வேண்டும். விடை அதைத்தான் செய்திருக்கிறது.

சமவெளியின் சொந்தக்காரர் காற்று. கடல்மட்ட அழுத்தத்தில் உலர்ந்த காற்று மட்டும் நேர்மேலே சுமார் 2.3 மீட்டர் தாமதம் தருகிறது. அது பகலிலும் இரவிலும் பெரிதாக மாறுவதில்லை. சாஸ்டமாய்னென் வகுத்த வாய்பாட்டைச் சேர்த்தேன். 24 மணி நேரத்துக்கான கோடு முழுவதும் ஒரே சீராகப் பத்து மீட்டர் இறங்கியது. மேடு அப்படியே நின்றது.

மேட்டின் சொந்தக்காரர் சூரியன். பகலில் சூரிய ஒளி மேல் வளிமண்டல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கிறது. பிற்பகலில் அவற்றின் எண்ணிக்கை உச்சமடைகிறது. இதற்கென்றே பஞ்சாங்கத்தோடு எட்டு எண்கள் ஒலிபரப்பாகின்றன. கிளோபுச்சர் என்பவர் வகுத்த மாதிரி அது. இரவில் மாறாத 5 நானோவிநாடி, பகலில் உள்ளூர் நேரம் 2 மணிக்கு உச்சம் தொடும் அரைக் கோசைன் அலை. உலகம் முழுவதற்கும் வெறும் எட்டு எண்களில் அடக்கிய அந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாதியளவு பிழையை நீக்குவதே அதன் நோக்கம். என் வரைபடத்தில் 17 மீட்டர் மேடு 8 மீட்டராயிற்று.

மீதிப் பாதிக்கு வேறு வழி உண்டு. எலக்ட்ரான்களால் ஏற்படும் தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. ஜி.பி.எஸ். 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அதிர்வெண்களிலாவது ஒலிபரப்புகிறது. இரண்டிலும் அளந்த தொலைவுகளை 2.546, 1.546 என்ற எண்களால் பெருக்கிக் கழித்தால் அயனி மண்டலம் மாயமாய் நீங்கிவிடும். செய்தேன், மேடு தரைமட்டமாயிற்று. அதற்கு விலையும் உண்டு. அளவீட்டு இரைச்சல் மூன்று மடங்காகப் பெருகி, மென்கோடாக இருந்தது பட்டையாகத் தடித்தது. எந்த முறை நல்லது என்று என்னைக் கேட்டால், நண்பகலில் இரண்டு அதிர்வெண், நள்ளிரவில் ஒன்றே போதும் என்பேன்.

இந்த மாற்றத்தின்போது ஒரு சிறு பிழை புகுந்தது. எச்சங்களில், கோளுக்குக் கோள் வேறாக, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாள் முழுவதும் மாறாமல் ஒன்றிரண்டு மீட்டர். உயரக்கோணத்தோடும் நேரத்தோடும் தொடர்பில்லாமல் கோளோடு மட்டும் ஒட்டியிருந்தால், அது அந்தக் கோளின் மின்னணுச் சுற்றுக்குள் இருக்கும் தாமதம். ஒலிபரப்பாகும் கடிகாரத் திருத்தம் இரண்டு அதிர்வெண் கலவைக்கு உரியது. ஒன்றை மட்டும் பயன்படுத்துவோர் சில நானோவிநாடி கூடுதலாகத் திருத்த வேண்டும். இரண்டுக்கு மாறிய பிறகும் அந்தக் கூடுதல் திருத்தத்தை நான் எடுக்கவில்லை. எடுத்ததும் போயிற்று. இதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம்தான் ஆயிற்று. முதல் வாரமாக இருந்தால் அரை மாதம் ஆகியிருக்கும்.

தென்மேற்கில் ஓர் அலை

இறுதியில் கிடைத்தளத்தில் ஒரு கணத்தின் பிழை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், உயரத்தில் மூன்று மீட்டர். கோள்கள் நமக்கு மேலே மட்டுமே இருப்பதால் உயரம் எப்போதும் பின்தங்கியே இருக்கும்; பூமி கண்ணாடியாக இருந்து கீழேயுள்ள கோள்களும் தெரிந்தால்தான் அது மாறும். நாள் முழுவதற்குமான சராசரி தூணிலிருந்து அரை மீட்டருக்குள் வந்தது. பணிக்கு அது போதும்.

ஆனால் ஒரு கோள் மட்டும் பிற்பகலில் தென்மேற்கே தாழ்ந்து மறையும் முன், இருபது நிமிடம்போல, மூன்று மீட்டர் அலையாக ஆடியது. பட்டியலில் உள்ள எந்தத் திருத்தமும் அதைத் தொடவில்லை. மறுநாளின் கோப்பைக் கேட்டு வாங்கி ஓட்டினேன். அதே கோள், அதே ஆட்டம், நான்கு நிமிடம் முன்னதாக. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 11 மணி 58 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன. இரண்டு சுற்றில், 24 மணிக்கு நான்கு நிமிடம் குறைவாக, வானத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும். வானிலையோ சூரியனோ காரணமாக இருந்தால் இப்படி நான்கு நிமிடம் முந்தாது. கோள், ஆன்டெனா, இவற்றோடு அசையாத மூன்றாவது ஏதோ ஒன்று. மூன்றின் வடிவியல் திரும்பவும் அமையும்போது திரும்பவும் வரும் எதிரொலி.

திசைகாட்டியுடன் மாடிக்குப் போனேன். தூணருகே நின்று, எச்சங்கள் சொன்ன தென்மேற்குத் திசையில், அடிவானத்திலிருந்து 20 பாகைக்குப் பார்த்தேன். திறந்த வானம், ஒரு மரக்கிளைகூட இல்லை. சிறிது நேரம் அப்படியே நின்றபின் சமிக்ஞை வரும் வழியை மனத்தில் நீட்டிப் பார்த்தேன். தூணைக் கடந்துபோய் எதிலோ பட்டுத்தானே திரும்ப வேண்டும்? அப்படியே வடகிழக்கே திரும்பினேன். படிக்கட்டு அறையின் மேல், தூணைப் பார்த்தபடி, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது எஃகுத் தண்ணீர்த் தொட்டி. நாடாவைப் பிடித்து அளந்து, குறிப்பேட்டின் கடைசி வரியில் அளவு, திசை, சொந்தக்காரர் என்ற மூன்று கட்டங்களையும் நிரப்பினேன்.